மிளகாய்ச் சிந்துக்கு விடுதலை

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் சுதந்திரம் அடைந்தேன். ஆறு பத்துக்கு அது பறிபோனது.

விவரம் சொல்கிறேன். எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. 'முண்டு மிளகாய்ச் சிந்து'. என் மனைவி கோகிலாவின் தாத்தா நாகநாதன் எழுதி, அச்சுப் போட்டு, ஊர் ஊராக விற்றது. அதை யூடியூப்பில் பாடி உலகத்தை உருக்கிவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம். ஒரே தடை, தாத்தாவின் ஒரே வாரிசான கோகிலா. அவள் இராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடிப்பவள் வேறு.

"என் சம்மதம் இல்லாமப் பாடி ஏத்துனீக, நோட்டீஸ் வரும்."

"கட்டுன புருசனுக்கேவா?"

"நோட்டீஸுக்குப் புருசன் பொண்டாட்டி தெரியாதுங்க."

தாத்தா இறந்தது 1965. ஐம்பது வருடம் போனால் பாட்டு ஊர்ச் சொத்து என்று எங்கோ படித்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். 2016 பிறந்ததும் மைக்கோடு நின்றேன்.

"ஐம்பது இல்லங்க, அறுபது. சட்டத்தை மாத்தி இருபத்தி நாலு வருசம் ஆச்சு."

"என்னையக் கேக்காம எப்படி மாத்துனாக?"

"என்னையக் கேட்டிருந்தா நூறாக்கியிருப்பேன்."

அழுகையே வந்துவிட்டது. மைக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்து வருடம் குளிக்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. தலை நரைத்தது. முன்பல் இரண்டு போனது.

இதோ, இந்த ஜனவரி ஒன்று. அறுபதும் முடிந்தது. வாசலில் நின்று மைக்கைத் தட்டினேன். பக்கத்து வீட்டு மஜீதா அக்கா ஜன்னலைச் சாத்தினார்.

கோகிலா ஒரு பழுப்புத் தாளோடு வந்தாள். பாட்டுப் புத்தகத்தின் அட்டை! கருவாடு மடிக்கப் போய்விட்டது என்று இத்தனை நாள் சாதித்தாளே, அதே அட்டை.

"சத்தமா வாசிங்க."

"இயற்றியவர்கள்: நாகநாதன்... சேதுராமன்."

"ரெண்டு பேரு சேந்து எழுதுனா, கடைசியாப் போறவுக கணக்குத்தான். அவுக போயி அறுபது வருசம்."

"சேதுராமன் எப்பப் போனாரு?"

"எங்க போனாக? தாத்தாவோட பாட்டுக் கூட்டாளி, வயசுல ரொம்ப எளையவுக. பாம்பன்லதான் இருக்காக. எம்பத்தெட்டு வயசு. நேத்துக்கூட சைக்கிள்ல கடைத்தெருவுக்குப் போனாகளாம்."

எனக்கு உயிர் திரும்பியது. "ஆளு இருக்காருல்ல! கால்ல விழுந்து கேட்டுட்டு வாரேன்."

"நான் கேட்டுட்டேன். நம்ம மகன் சூர்யா காதுகுத்துல அன்னைக்கு நீங்க பாடுனப்ப அவுக அங்கனதான் இருந்தாகளாம். உசுரு இருக்குற வரைக்கும் சம்மதிக்க மாட்டேன்னுட்டாக."

அதற்கப்புறம் அறுபது! எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இனி இந்த ஜென்மத்தில் என் பாட்டை யாரும் கேட்கப் போவதில்லை.

"இந்த விசயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அடிப்பாவி! பத்து வருசமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேனே, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வேற பாட்டு படிச்சிருப்பீகள்ல?"