ரூட்டர் வைத்தியர்

ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நின்றுபோன கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். அதில் என்ன பெருமை? நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்ற வேண்டும், "இன்னும் கொஞ்சம் நல்லா ஓடுமே" என்று சொல்லிக்கொண்டே கழற்ற வேண்டும், திரும்ப மாட்டிய பிறகு மேஜைமேல் ஒரு திருகாணி மிஞ்ச வேண்டும். அந்த இனத்தின் இன்றைய வாரிசுதான் ரூட்டர் வைத்தியர். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டுக்குப் போனால், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே "உங்க வீட்டுல நெட் ஸ்பீடு எவ்வளவு வருது?" என்று கேட்பார். தெரியாது என்று சொல்லிவிட்டீர்களோ, போச்சு. பிறந்ததிலிருந்து ரத்த அழுத்தமே பார்த்துக்கொள்ளாத ஆளைப் பார்ப்பதுபோல் உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்; காபி வருவதற்குள் உங்கள் போனை வாங்கி எதையோ அழுத்தி, வேகம் காட்டும் முள் ஏறி இறங்குவதைக் காட்டி, "பாத்தீங்களா, உங்க போன்லயே குறை இருக்கு" என்பார். நீங்கள் வந்தது கல்யாணப் பத்திரிகை கொடுக்க.

சுவரில் கொம்பு முளைத்துத் தொங்குகிறதே, வீட்டுக்கெல்லாம் இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி, அதுதான் ரூட்டர். அதை உள்ளேயிருந்து ஆட்டிவைக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். செய்த கம்பெனியே எழுதி உள்ளே வைத்து அனுப்பியிருக்கும். நம்மைப் போன்ற சாமானியர்கள் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறோம். வைத்தியரால் அது முடியாது. கம்பெனி வைத்ததைத் துடைத்துப் போட்டுவிட்டு, உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கும் நல்லவர்கள் சிலர் பொழுதுபோகாமல் எழுதி இலவசமாகக் கொடுக்கும் வேறொன்றை ஏற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த நல்லவர்களும் ஓயாமல் புதுப்புதுப் பதிப்பு வெளியிடுவார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'இது சோதனைப் பதிப்பு, உங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற்றவும்' என்று எழுதியிருக்கும். மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. வைத்தியருக்கு அது அழைப்பிதழ்.

நம்முடைய வைத்தியர் ஒரு சிமெண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஆபீசில் அவரைவிட ஜாக்கிரதையான மனிதர் கிடையாது. கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் சந்தேகப்படுவார், சக ஊழியர் கொண்டுவரும் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முதலாளியே கையெழுத்துப் போட்டிருந்தாலும் இது அவர் கையெழுத்துதானா என்று ஒரு பார்வை பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரூட்டர் பிரியர்களின் இன்டர்நெட் குழு ஒன்றில், தாடி வைத்த பென்குயின் படத்தைத் தன் முகமாகப் போட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் "என் ரூட்டரில் நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிய ஒரே வரியை நம்பிக் குடும்பத்தின் இன்டர்நெட்டை அவர் கையில் ஒப்படைத்துவிடுவார். பெற்ற தகப்பன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா?

வீட்டில் மூன்று பேர். வைத்தியர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். வைஃபையும் மூன்று. விருந்தாளிக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்து, குடும்பத்துக்கானதைப் பாதுகாப்புக் கருதி யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். அதனால் குடும்பம் விருந்தாளி வைஃபையில் இருந்தது.

புதுப் பதிப்பு வந்துவிட்டால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். சாப்பிடும்போது பதில் சொல்ல மாட்டார். கை கழுவியதும் செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கும் பெட்டியின் முன்னால் போய் நிற்பார். பிறகு யாரையும் பார்க்காமல், பொதுவாக, "ரெண்டே நிமிஷம்" என்பார். அவ்வளவுதான். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மனைவி போனைக் கீழே வைத்துவிட்டுப் பீரோவில் துணி அடுக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வீட்டுப் பீரோவைப் போல் ஒழுங்கான பீரோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, மனைவியின் வேலைக்கு உலை வைக்கும்வரை.

மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தற்காலிகம் என்ற பெயரிலேயே ஓட்டி, ஒருநாள் அந்தத் தற்காலிகமும் போன பிறகு, படுக்கையறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டிக்கொண்டு, ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு வகுப்பு எடுத்து வந்தாள். அவர்கள் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக இருந்தார்கள். ஆனால் அதற்கு முன் மேற்பார்வை அம்மாள் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பார்த்தார். ஒரு முறை பார்த்தபோது டீச்சர் பின்னத்தை விளக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி அப்படியே திரையில் உறைந்துபோனாள். மறுமுறை பலகைப் பக்கம் திரும்பியவள் திரும்பி வரவே இல்லை. "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா உங்க லைன் சரியில்லையேம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

மனைவிக்கு அது வேலைக்கு வந்த ஆபத்து. வைத்தியருக்கோ அது தன் ரூட்டரின் மானப் பிரச்சினை.

"லைன் சரியில்லையாமா? என் லைனா?" என்று கொதித்தார். உடனே பென்குயின் தாடிக்காரரிடம் ஓடினார். அவரும் கைவிடவில்லை. 'வீடியோ தடங்கல் நீக்கப்பட்டது' என்று ஒரு புத்தம்புதிய பதிப்பு. அந்த அம்மாள் கடைசியாகப் பார்க்கப்போகும் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். இவர் சனிக்கிழமை மத்தியானம் செருப்பு அலமாரி முன்னால் நின்று "ரெண்டே நிமிஷம்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பெட்டியின் விளக்கெல்லாம் ஒருமுறை சேர்ந்து கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தன. இப்படி ஆனால் எடுத்து மாட்ட ஒரு மாற்று ரூட்டர் வைத்திருந்தார். வைத்திருந்தாரா? வைத்திருந்தார். ஆனால் அது சும்மாதானே கிடக்கிறது என்று போன வாரம் அதற்கும் வைத்தியம் பார்த்திருந்தார். செத்த ரூட்டரை எழுப்பும் முறையெல்லாம் இன்டர்நெட்டில் விவரமாக இருக்கிறது. இன்டர்நெட் அந்த ரூட்டரில் இருக்கிறது. டேட்டா மிச்சமிருந்த மகளின் போனைக் கெஞ்சி வாங்கிப் படித்து, தரையில் மண்டியிட்டு, குண்டூசியால் பின்பக்கத் துளையை அழுத்திப் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து, பொழுது சாய்வதற்குள் ஒருவழியாக உயிர் கொடுத்துவிட்டார். எழுந்து நின்று குடும்பத்தைப் பெருமையோடு பார்த்தார். குடும்பம் பதிலுக்குப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுவதே நல்லது.

"ஏங்க," என்றாள் மனைவி. அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நாளைக்கு எனக்கு இந்த வேலை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்கு அந்தப் பெட்டி மேல உங்க கை படக்கூடாது."

"படாது."

"புதுசா எது வந்தாலும்?"

"கடவுளே வந்து குடுத்தாலும் வேண்டாம்னுடறேன். போதுமா?"

சத்தியத்தை அவர் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. செருப்பு எடுக்க வேண்டியிருந்தும் வெறுங்காலோடு போய்ப் பால் வாங்கி வந்தார். மனைவி நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, பலகையைத் துடைத்துவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "எல்லாருக்கும் வணக்கம், நான் பேசறது கேக்குதா?" என்ற குரல் வந்தது. வைத்தியருக்கு மனைவிமேல் பிரியம் உண்டு. பள்ளிக்கூட வேலை போன அன்றைக்கு அவள் அந்த அறைக்குள் உட்கார்ந்து அழுததை அவர் மறக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. ஆனால் பெட்டியைத் தொடக்கூடாது.

தொடத்தானே கூடாது? பார்க்கலாம் இல்லையா?

ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். வேகம் அளக்கும் பக்கத்துக்குப் போய், ஆரம்பி என்பதை அழுத்தினார். முள் ஏறியது. திருப்தி. ஆனாலும் ஒரு கருவியை மட்டும் நம்பலாமா? கணக்குப் பிரிவு ரத்தம் சும்மா இருக்குமா? போனிலும் அழுத்தினார். பழைய டேப்லெட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டி அதிலும் அழுத்தினார். மூன்றும் சேர்ந்து, வீட்டுக்குள் வருகிற இன்டர்நெட்டை எல்லாம் உறிஞ்சி, எவ்வளவு வருகிறது என்று அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

உள்ளே மனைவியின் குரல், "இப்ப இந்த முக்கோணத்தோட மூணாவது பக்கம்…" என்பதோடு நின்றது. பிறகு, "கேக்குதா? யாராவது சொல்லுங்க, நான் பேசறது கேக்குதா?"

வைத்தியர் உடனே, தடங்கல் எங்கே என்று கண்டுபிடிக்க, மூன்றிலும் இன்னொரு முறை அழுத்தினார்.

மகள் தன் அறையிலிருந்து வந்தாள். மேஜைமேல் மூன்று முட்களும் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அப்பா, என்னப்பா இது?"

"டெஸ்ட் பண்றேம்மா. அம்மாவுக்கு ஸ்பீடு வருதான்னு."

"எப்பவும் இப்படித்தான் பண்ணுவீங்களா? அம்மா கிளாஸ் எடுக்கறப்ப?"

"பின்ன? அப்பதானே அவளுக்கு ஸ்பீடு வேணும்?"

மகள் முட்களையும் சாத்தியிருந்த கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, அம்மா நின்னதும் நீங்க டெஸ்ட் பண்றீங்களா, இல்ல நீங்க டெஸ்ட் பண்ணதும் அம்மா நின்னு போறாங்களா?" என்று கேட்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்குக்கூட அன்றைக்கே யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள். இவருக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. மகள் ஒவ்வொன்றாக அணைத்தாள். லேப்டாப்பை மூடினாள். போனை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். உள்ளே குரல் தொடங்கியது. "சரி, எங்க விட்டோம்? மூணாவது பக்கம். யார் சொல்றீங்க?" பிள்ளைகள் சத்தம் போட்டுப் பதில் சொன்னார்கள். குரல் அதன் பிறகு நிற்கவே இல்லை.

வைத்தியர் வெறும் மேஜைமேல் வெறும் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவிக்காக எவ்வளவோ செய்திருக்கிறார். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு கஷ்டமான வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது.

வகுப்பு முடிந்து கதவு திறந்தது. மனைவியின் முகமே சொல்லிவிட்டது.

"எடுத்துக்கிட்டாங்க! ஆரம்பத்துல கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு, ஆனா நீங்க பதறல, விட்ட இடத்துலேருந்தே பசங்களைக் கூட்டிட்டுப் போனீங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஏங்க, அப்புறம் லைன் அவ்வளவு நல்லா இருந்துச்சே, என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா ஒண்ணும் பண்ணல. அதான்… இவ்வளவு நாளா நான்தான்…"

"எனக்குத் தெரியும், ஏதோ பண்ணியிருக்கீங்க. நேத்து உங்களைப் போட்டு வதைச்சுட்டேன்" என்று கண்கலங்கினாள் மனைவி. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரூட்டர் விஷயத்தில் அவர் உண்மை பேசியிருந்தார். அதை நம்ப ஆளில்லை. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். போனை அவள் திருப்பிக் கொடுத்ததும், மனசாட்சி உறுத்தியதால், வைத்தியர் தம் குழுவில் எழுதினார்: 'புதிய பதிப்பு அருமை. வகுப்பு நடக்கும்போது யாரும் எதையும் அளக்காமல் சும்மா இருந்தால் ஒரு தடங்கலும் இல்லை.'

பென்குயின் தாடிக்காரர் உடனே பதில் போட்டார்: 'நல்ல செய்தி. சும்மா இருக்கும் வசதி எந்த மெனுவில் இருக்கிறது?'

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு ரூட்டர் கறுப்பா வெள்ளையா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை. ரொம்ப சந்தோஷம். ஆனால் பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறதே உங்கள் பிள்ளை, அது படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அடிக்கடி கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "என்ன, படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வருவது யார்? இப்போதுகூட ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? பாவம், அது இன்னும் விட்ட வரியைத் தேடிக்கொண்டிருக்கிறது.