காருக்கு அடியில் விரிக்க

மத்தியானம் இரண்டு மணிக்கு மாடி அறைக் கண்ணாடி வழியாக ஒர்க்‌ஷாப்பைப் பார்த்த புது மேனேஜருக்கு நெஞ்சு உருகிவிட்டது. ஆறு கார்கள். ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சிமெண்ட் தரையில் கிழிந்த அட்டையைப் போட்டுப் படுத்து உழைக்கிறார்கள், பாவம்!

மேனேஜர் அதுவரை சோப்பு கம்பெனியில் இருந்தவர். ஸ்பானரைப் படத்தில் பார்த்திருக்கிறார். ஆனாலும் எல்லாம் தெரிந்த முகம் ஒன்று பிறவியிலேயே அமைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் முதலாளியும் ஏமாந்து வேலை கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு எட்டு வண்டி ரெடியாகணும். சனிக்கிழமை வந்து பாப்பேன். ஆகலேன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார்.

ஆறுதான் ஆகிக்கொண்டிருந்தது. காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. அட்டை!

மறுநாளே சக்கரம் வைத்த பலகைகள் ஆறு வந்து இறங்கின. சாயங்காலம் மேனேஜர் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "உருளுது சார். கொஞ்சம் புரண்டா வண்டிக்கு வெளிய வந்துடறோம். ஒருத்தன் சுவத்துல போய் முட்டிக்கிட்டான்."

அன்றைக்கு ஐந்து வண்டி.

அடுத்து ரப்பர் விரிப்பு. "மெத்துனுதான் இருக்கு. ஆனா முதுகு வேர்த்து ஊத்துது சார்" என்றார் மெக்கானிக். நான்கு வண்டி.

வேறு யாராக இருந்தாலும் கீழே இறங்கிப் போய் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பார்கள். மேனேஜர் படித்தவர். மாடியிலிருந்தே யோசித்தார். பிறகு வீட்டுக்குப் போய், கட்டில் மெத்தையையும் விருந்தாளி மெத்தையையும் நீளவாக்கில் மூன்று மூன்றாக அறுத்தார்.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று மனைவி கத்தினாள். "நான் எதுல படுக்கறது? தரையில படுத்தா எனக்கு முதுகு போயிடும்!"

"அதையேதான் நானும் சொல்றேன். அவங்களுக்கும் முதுகு இருக்குல்ல?"

காருக்கு அடியில் விரித்த மெத்தை தடிமனாக இருந்ததில் படுத்தவர்களுக்கு மூக்கு வண்டியில் இடித்தது. மேனேஜர் கார்களுக்குக் கல் வைத்து உயர்த்தச் சொன்னார். மெக்கானிக் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு மேனேஜரைப் பாத்ததில்ல சார்."

இரண்டு வண்டி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி வந்தார். வாசலில் வண்டி கிடைக்காதவர்கள் பதினைந்து பேர் சண்டைக்கு நின்றார்கள். முதலாளியின் காது மடல் சிவந்திருந்தது. தன் வேலை நூலில் தொங்குவது மேனேஜருக்கே புரிந்தது. முதல் முறையாக மாடியிலிருந்து இறங்கி, அவரை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஆறு கார்கள், பன்னிரண்டு கால்கள். பேச்சுச் சத்தம்கூட இல்லை. அப்படி ஒரு ஈடுபாடு.

"நீங்களே பாருங்க சார்!" என்று மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். "மணி மூணாச்சு, ஒருத்தராவது எந்திரிச்சாங்களா? இப்படி உழைக்கிறவங்களை வெச்சுக்கிட்டு..."

ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க சார். இப்பதான் அசந்திருக்காங்க."