கட்டுநாயக்கா அண்ணர் லண்டன் போன கதை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து வெளிநாடு போன ஒருவர்கூட கட்டுநாயக்கா அண்ணரின் அனுமதி இல்லாமல் இந்தத் தீவை விட்டு வெளியேறியது கிடையாது. குடியகல்வு அதிகாரி கடவுச்சீட்டில் குத்துகிற முத்திரை எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் தொடர்மாடியில் என் வீட்டுக்கு நேர் மேலே தனியாக இருந்தார். எந்த வீட்டிலாவது பயணப்பெட்டியைத் தூசி தட்டினால் போதும், மீன் நிறுக்கிற தொங்கு தராசோடு வாசலில் நிற்பார். பிறகு, கூப்பிட்டார்களோ இல்லையோ, வான் வண்டியின் முன் சீட்டில் ஏறி இருந்துகொண்டு கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வருவார். ஆனால் அவர் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. அந்த விஷயத்தை யாரும் அவருக்கு நினைவூட்டுவதும் இல்லை.

அவரோடு போவதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. பம்பலப்பிட்டியில் படிப்பித்துக்கொண்டிருந்த நான், மகளைப் பார்க்க முதல்முறை லண்டன் புறப்பட்டபோது, வரிசையில் நின்ற சனத்துக்கு நடுவில் என் பெட்டியை அவர் திறந்தார். பாரம் கூடவாம். மிளகாய்த்தூள் பொட்டலம் உடைந்து எல்லாரும் தும்மத் தொடங்கினார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் கொழுவினார்.

"ரீச்சர், உங்கட உள்பாவாடையள் மட்டும் ஒண்டரைக் கிலோ! லண்டனிலை உள்பாவாடை விக்கிறேல்லையோ?"

எனக்கு முன்னால் நின்றவர் என் பழைய மாணவியின் தகப்பன். அவர் இரக்கப்பட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி மாற்றம் அவருடைய இன்னொரு இலாகா. வருஷத்துக்கு இரண்டு தரம் லண்டனில் மணியை முன்னுக்குத் தள்ளினாலும் பின்னுக்கு இழுத்தாலும் அண்ணர் கதவு கதவாகத் தட்டி அறிவிப்பார். கீழ் வீட்டில் பரீனா தாத்தா; முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அவருடைய தங்கச்சி மகளுக்கு லண்டனில் நிக்காஹ். போனில் காட்டுவதாக ஏற்பாடு. பங்குனிக் கடைசியில் மணி முன்னுக்குப் போகிறதை அண்ணர் தலைகீழாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். பரீனா தாத்தா குடும்பம் முழுக்க உடுத்து வெளிக்கிட்டு, அத்தர் பூசி, போனைத் திறந்தால், அங்கே சனம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தது.

"அது வெள்ளைக்காரன்ரை பிழை," என்றார் அண்ணர். "சூரியனை ஒழுங்காப் பாக்கத் தெரியாதவன்."

ஓய்வுபெறுகிறவர்களுக்கும் அவர்தான் ஆலோசகர். "சேமலாபக் காசிலை மட்டும் கை வைக்காதேங்கோ. பிள்ளை கேட்டாலும், பிள்ளையார் கேட்டாலும் குடுக்காதேங்கோ" என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் போன ஐப்பசியில் லண்டன் போக விசா வந்தது. அங்கே மகனுக்குப் பெண்குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. மகன் டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், "பேத்தியைப் பாக்க அப்பப்பா தன்ரை காசிலை வரவேணும்" என்று அதே சேமலாபக் காசை உடைத்து டிக்கெட் வாங்கினார். ஒழுங்கையே திரண்டு வழியனுப்பியது. பரீனா தாத்தா தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் கொடுத்தார். அண்ணர் கடன் வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டு, வேர்த்து வழிய, கண்ணாடிக் கதவுக்குள் நின்று கையசைத்தார். இத்தனை வருஷம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்த மனிதர். எங்களில் பலருக்குக் கண் கலங்கியது.

ஒரு கிழமை கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தார்.

"எப்பிடி அண்ணர் லண்டன்?"

"சரியான குளிர், ரீச்சர். மூக்காலை தண்ணியா ஓடுது. மணியையும் நேற்றுப் பின்னுக்கு விட்டிட்டாங்கள். தெரியுந்தானே?"

"பேத்தி?"

"ஓம்... அவ... நித்திரை."

அந்த நேரம் பார்த்து எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஓடுகிற கடற்கரை ரயில் கூவிக்கொண்டு போனது. யன்னலுக்குள்ளாலும் கேட்டது, போனுக்குள்ளாலும் கேட்டது. இரண்டும் ஒன்றாகவே தேய்ந்து ஓய்ந்தன.

போன் நின்றது. மேலே ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

படியேறிப் போய்த் தட்டினேன்.

"அண்ணர், நான்தான். ஆரையும் கூட்டிக்கொண்டு வரேல்லை. திறவுங்கோ."

வெகுநேரம் கழித்துத் திறந்தார். யன்னல்கள் பூட்டி, திரைச்சீலை இழுத்து, சத்தம் கேட்குமென்று ஃபேனும் போடாமல் அந்தப் புழுக்கத்தில் ஒரு கிழமையாக இருந்திருக்கிறார். தாடி வளர்ந்திருந்தது. மேசையில் வெறும் டின் ஒன்று. அதைத்தான் முதலில் காட்டினார்.

"பேத்திக்குச் செய்விச்ச பயித்தம் பணியாரம், ரீச்சர். கடைக்குப் போக ஏலாதுதானே. எல்லாத்தையும் நானே திண்டிட்டன்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படிக் கூனிக்குறுகி இருப்பதை ஒருவரும் பார்க்கக்கூடாது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எல்லாச் சோதனையும் தாண்டிப் போய்விட்டாராம். "கடைசியா விமானத்துக்குப் போற குழாய் மாதிரி ஒரு பாதை, ரீச்சர். அதிலை என்ரை கால் எடுபடேல்லை. கம்பியைப் பிடிச்ச கையை விடேல்லை. அங்கை வேலை செய்யிற பிள்ளை ஒண்டு கையைப் பிடிச்சு 'வாங்க அங்கிள்' எண்டு கூப்பிட்டுது. பின்னாலை நிண்ட சனம் ஏசுது. என்ரை பெட்டியைத் தேடி இறக்குமட்டும் பிளேன் போகாமல் நிண்டது. அவ்வளவு பேரும் என்னாலை காத்துக்கொண்டு இருந்தவை. ராவிலை பின்படியாலை ஏறி வந்து கதவைப் பூட்டினனான்."

"மகனுக்கு?"

"பிரஷர் எண்டு சொன்னனான். ஒழுங்கையிலை சொல்லாதை எண்டு கெஞ்சினனான். எத்தினை பேரை அதுக்குள்ளை தள்ளி விட்டனான், ரீச்சர்! உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது."

அன்றிலிருந்து சமைத்ததில் ஒரு பங்கை மூடி மேலே கொண்டுபோனேன். திரும்பி வர வேண்டிய நாள் வரை அப்படியே கடத்திவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தோம். ஆனால் விமான நிலையத்தில் அவரை எதிர்கொள்ளப் பரீனா தாத்தா வான் பிடித்துவிட்டார்.

"என்னத்துக்குத் தாத்தா? அவர் ஒரு டாக்சியிலை வந்திடுவார்," என்றேன்.

"அது எப்படி ரீச்சர்? நம்ம எல்லாரையும் ஏத்தி இறக்கின மனுசன். அவர் வரக்குள்ள ஒரு ஆளும் நிக்காட்டி வெக்கமில்லையா?"

ஆகவே, லண்டனிலிருந்து வருவதற்காக அண்ணர் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. பரீனா தாத்தாவின் குசினியில் நான் போய் நின்று வட்டிலப்பத்துக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டிருக்க, பெட்டியோடும் கோட்டோடும் அவர் பின்படியால் இறங்கி முச்சக்கர வண்டியில் ஏறினார்.

விமான நிலையத்தில் வருகிறவர்கள் வாசலைப் பார்த்தபடி எங்கள் கூட்டம் பூமாலையோடு நின்றது. விமானம் இறங்கியது. சனம் வந்தது. முடிந்தது. அண்ணரைக் காணவில்லை. வாகனத் தரிப்பிடப் பக்கமாக, எல்லாருடைய முதுகுக்கும் பின்னால், கோட்டோடு அவர் நிற்பதை நான்தான் முதலில் கண்டேன். வேறு வாசலால் வந்தேன் என்று சொல்லுங்கள் என்று அவருக்குப் பாடமாக்கி விட்டிருந்தேன்.

பரீனா தாத்தாவும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"அல்லாஹ், இங்கால நிக்கிறாரே! வாங்க, வாங்க! பேத்தி எப்படி இரிக்கிறா? ஒங்கள அடையாளம் கண்டாளா?"

அண்ணர் வாயைத் திறந்தார். வேறு வாசல், தாமதம், குளிர் எல்லாம் அவரிடம் தயாராக இருந்தன. பேத்தியைப் பற்றி மட்டும் பொய் வரவில்லை.

"நான் இன்னும் அவவைப் பாக்கேல்லை," என்றார்.

கோட்டைக் கழற்றினார். நிலத்தைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னார், பணியாரம் உட்பட. மாலையை வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு மறுபடியும், அந்தப் பெட்டி திறந்த நாளில் கூட வராத வெட்கம் வந்தது. இந்த முறை அவருக்காக.

முதலில் பேசியவர் பரீனா தாத்தாதான்.

"இதுக்கா இவ்வளவு? நான் மக்காவுக்கு உம்ரா போகக்குள்ள பிளேன் எழும்பின நேரம் கத்தின கத்துல, பக்கத்துல இருந்த அரபிக்காரன் எழும்பி வேற சீட்டுக்குப் போய்ட்டான். எங்க வீட்டு ஆள் ரெண்டு நாளா என்னோட பேசல்ல. நீங்க கத்தாம நின்டீங்க. பெரிய விஷயம். வாங்க, வான் நிக்குது."

அண்ணரின் பெட்டியை ஒருவர் வாங்கினார். இன்னொருவர் கோட்டை மடித்தார்.

வானுக்குள் அண்ணர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "மாசியிலை நான் மகளிட்டைப் போறன்," என்றேன். "பக்கத்துச் சீற்றிலை நீங்கள் வாறியள். அந்தப் பாதையிலை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன். சனம் பாத்தால் பாக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கிழமை மறைந்து கிடந்த களைப்பு. வாயைத் திறந்தபடி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். ஹெந்தளைச் சந்தியில் வாகன நெரிசல். சாரதி பொறுமை இழந்து ஹோர்னில் கையை வைத்தார்.

"தம்பி, ஹோர்ன் அடிக்காதேங்கோ," என்றேன். "எங்கட ஆள் நித்திரை."