மாலுமியாரின் மூதூர்ப் படகு

சிறிய கணினி விளையாட்டு நிறுவனங்கள் ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே மாதக்கணக்கில் உறங்குகின்றன என்று இளையோர் ஏசக் கேட்கிறேன். அவ்வுறக்கத்தை அருகிருந்து கண்டவன் என்ற முறையில் இதனை எழுதிவைத்தல் என் கடன்.

போர்க்காலத் திருகோணமலையில், துறைமுகத்தை அடுத்த எங்கள் ஒழுங்கையில், மாலுமியாரைப்போல் கடலுக்கு அஞ்சியவர் எவருமிலர். படகேறியே அறியாத அவருக்கு அப்பெயரை ஈட்டித் தந்தது அவர் ஆக்கிய கணினி விளையாட்டு. அதில் ஒரு படகு குடாவின் அக்கரையிலுள்ள மூதூருக்குப் புறப்படும்; பாதிவழியில் நின்றுவிடும். மீதி அடுத்த பதிப்பில் வரும் என்பார்.

அப்பதிப்புக்காகக் காத்திருந்தவர், மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் அயலில் வசித்த பரமேசு அக்கா. வீடு திரும்பும் வழி அடைபட்டிருந்தது. திரையிலாவது அக்கரையைக் காணவேண்டும் என்பதே அவர் ஆசை.

"தம்பி, உம்மட படகு எப்ப மூதூருக்குப் போய்ச் சேரும்?"

"இந்தக் கிழமை ஏலாது அக்கா. அலையைத் திருத்தினனான். இப்ப படகு நிக்குது, படகு கட்டுற ஜெற்றி மிதக்குது."

ஒன்றைத் திருத்தினால் முழுப் பயணத்தையும் மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டினாலோ, திரையில் ஆடும் அலைகண்டு மாலுமியாருக்குத் தலைசுற்றும். தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, முகர்ந்தபடி பாயிற் சாய்ந்துவிடுவார். அவர் எழும்பும்போது மின்சாரம் போய்விடும்.

"ஓராளைத் துணைக்கு வைச்சால் என்ன?" என்றேன்.

"பெரிய கொம்பனியில பிழை விட ஓராள், பிழை பிடிக்க ஓராள் ஐயா. இங்க ரெண்டும் நான்தான்."

ஒரு மாலை படகு அசையவே மறுத்தது. பழுதென்று எண்ணினோம்.

"பழுதில்லை. ஆறு மணிக்குப் பிறகு கடலுக்குப் போகத் தடைதானே? அதையும் எழுதிப் போட்டனான்," என்றார் பெருமையாக.

"கணினிக்குள்ளயுமோ தடை?" என்று நான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இதிலயாவது விடுமன், தம்பி."

மாலுமியார் தடையை நீக்க அமர்ந்தார். அதை நீக்கியதும் கடல் மறைந்தது. கடலை மீட்டதும் வானம் மறைந்தது. மாரி வந்து போயிற்று. கடைசியில் ஒரு பொழுதுபடும் வேளையில் படகு மூதூரை அடைந்தது. அக்கா சொல்லச் சொல்லக் கேட்டு மாலுமியார் அக்கரையை வரைந்திருந்தார்.

அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"வேப்பமரம் மற்றப் பக்கம், தம்பி."

"மாத்துவம் அக்கா. கொஞ்ச நாள் எடுக்கும்."

"ஆறுதலாச் செய்யும். நான் எங்க போகப்போறன்?"

மாலுமியார் இப்போது எவ்வூரில் இருக்கிறாரென அறியேன். இக்குறிப்பிற் பிழை காணும் வாசகர்கள், சிறப்பாக மூதூரார், தயைகூர்ந்து எழுதித் திருத்துக. அத்திருத்தங்களை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப்போக எனக்கொரு காரணம் வேண்டியிருக்கிறது.