கோணாச் சீடைப் படலம்

மயிரிழை பிசகாத மணிக்கரத்தார், இருபத்தாறு ஆண்டுகள் கடைசல் எந்திரத்தின் முன் நின்று இரும்பை வெண்ணெயாய் வழித்தெடுத்தவர், உருண்டை என்றால் அணுவளவும் கோணாத உருண்டையாகவே ஈன்று பட்டறையைப் பரவசப்படுத்தியவர், முன்வழுக்கை ஒளிரும் முதல்வர், நம் கடைசல்காரர் வாழ்க! அவர் வீரம் பாட வந்த என் நாவே, இடறாதே. பாட்டுடைத் தலைவர் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டியிருக்கிறார் என்பதற்காகச் சிரித்தும் தொலைக்காதே.

போருக்குக் காரணம் ஒரு தகர டப்பா. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் விடுப்பு முடிந்து ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம், அது நிறையச் சீடை போட்டுக் கொடுப்பது தாயின் வழக்கம். இம்முறை தாய் குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தாள். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மனைவியின் சீடையை வாயில் போடும்முன் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிப் பிடித்து, இது உருண்டையா உருளைக்கிழங்கா என்று கேட்டே பழகிய அந்த அரிமா, கூடம் அதிர முழங்கினார்.

“கடைச் சீடை இந்த வாசப்படி ஏறாது. இன்னிக்கு நான் உருட்டுறேன். சீடைன்னா எப்படி இருக்கணும்னு எல்லாரும் பாருங்க.”

வீறாப்பு மேல்பூச்சுதான். வேலை முடிந்து களைத்து வரும் பெண் திறந்து பார்க்கையில் டப்பா காலியாக இருக்குமே என்பதுதான் அவரை உள்ளூர அரித்தது.

திரண்டது சேனை! மும்முறை சலித்த அரிசிமாவு, வறுத்தரைத்த உளுத்தமாவு, உருகாத வெண்ணெய், கறுத்த எள். பிசைந்தார், உருட்டினார், விரிசல் ஒன்று தென்பட்டாலும் பகைவனைக் கண்டதுபோல் உறுமி, உள்ளங்கைகளுக்கிடையே இறுக்கி, பளிங்காய் வழவழக்கும் வரை விடாது அழுத்தினார். பட்டறையின் வெர்னியர் அளவுகோலைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றையும் அளந்தார். வெள்ளைத் துணியில் நூற்று நாற்பது மறவர், அச்சில் வார்த்தாற்போல், அணிவகுத்து நின்றனர். சமையலறை வாசலில் நாற்காலி போட்டிருந்த மனைவி, ரொம்ப அழுத்த வேண்டாம் என்றாள். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பதுபோல் அதையும் கேட்டுக்கொண்டார்.

முதற்பிடி எண்ணெயில் இறங்கியது. ஒரு கணம் அமைதி. பின், கார்கால இடியென ஒரு ‘டப்’! முதல் மறவன் கூரையில் அப்பிக்கொண்டான். இரண்டாமவன் நாட்காட்டியின் செவ்வாய்க்கிழமையைத் துளைத்தான். மூன்றாமவன் நம் தலைவரின் இடப்புருவத்தை நாடி வந்தான். பின்வாங்கினாரா? வாங்கினார், ஆனால் தலைக்கவசத்துக்காக மட்டுமே! மகளின் ரோஸ் நிற ஹெல்மெட் மணிமுடியாய் மின்ன, குக்கர் மூடி கேடயமாய்ச் சுழல, ஜல்லிக்கரண்டி வாளாய் நீள, எண்ணெய்மழைக்கும் உளுந்துக்கணைக்கும் நடுவே இரண்டடி முன்னேறி, மூன்றடி பின்னேறி, மீண்டும் இரண்டடி முன்னேறி, பிடி பிடியாய்த் தம் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பி, பிடி பிடியாய்ப் பறிகொடுத்தார். மணி மூன்றரை. பாதிச் சேனை மாண்டது. ஹெல்மெட்டோடு கிரைண்டருக்குப் பின்னால் குந்தியவர், மேசைமேல் வாய் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

மனைவி எழுந்து வந்து இடது கையால் அடுப்பை அணைத்தாள்.

“விரிசல் இருந்தாத்தாங்க உள்ள இருக்கிற ஆவி வெளிய போகும். இவ்வளவு வழவழன்னு அடைச்சு வச்சா அது எங்க போகும்? இத்தனை வருஷமா நான் தெரியாமயா கோணலா உருட்டினேன்?”

தலைவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மிச்சச் சேனையை உதிர்த்து, கோணலாக உருட்ட முனைந்தார். அந்தோ, இருபத்தாறு ஆண்டுத் திறமை சாமானியத்தில் விடுமா? எப்படிப் பார்த்தாலும் உருண்டையாகவே வந்தது. கடைசியில் மாவுக் கிண்ணத்தை மனைவியின் மடியில் வைத்தார். பழகாத இடக்கையால் அவள் கிள்ளி உருட்டியவை முன்னெப்போதையும்விடக் கோணலாக இருந்தன. பல்லிடுக்கு போன்ற விரிசல்கள் வேறு. அவர் பொரித்தார். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

முக்கால் டப்பா நிறைந்தது. மதியமெல்லாம் தோழி வீட்டில் இருந்துவிட்டுப் பெட்டியெடுக்க வந்த மகள், செருப்பு மாட்டியபடியே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “அம்மா செஞ்ச மாதிரியே இருக்கேப்பா” என்றாள்.

பொய் சொல்லிப் பெயர் வாங்க, பொன்னான வாய்ப்பு. மனைவியும் டப்பா மூடியைத் துடைப்பதிலேயே கண்ணாயிருந்தாள். திசை எட்டும் கேட்க முழங்கிய அந்தத் திருவாய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்குமளவு திறந்து, தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டது.

“அம்மா செஞ்சதுதாம்மா. நான் பொரிச்சேன், அவ்வளவுதான்.”

மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கூரையைத் துடைத்தார்.