சகாதேவன் குடிக்காத ஐந்து கிளாஸ்

நுரை ததும்பும் கிளாஸ் முன்னால் வந்து உட்கார்ந்ததும் சகாதேவன் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இனி குடிப்பதில்லை என்று ஐயனார் கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தது. வாசம் ஏறினாலே சத்தியம் போச்சு என்பது அவர் கட்சி.

"நான் சாப்பாடுதானே கேட்டேன்?"

"மீன் வறுவல் வர நேரமாவுங்க. இது இங்கயே காய்ச்சின பீரு. பூஜா மேடம் கைப்பட போட்டது. தொடாம வெச்சிட்டீங்கன்னா அவங்க மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார் பரிமாறும் கலியமூர்த்தி.

பூஜா மேடம், மரக்காணம் உப்பள மேஸ்திரி சகாதேவனின் ஒரே மகள். கெமிஸ்ட்ரி படித்தவள். மூன்று வருஷத்துக்கு முன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள். "அவ வாசப்படிய நான் மிதிச்சா என் பேரு சகாதேவன் இல்ல" என்று உப்பளமே கேட்கச் சபதம் போட்டவர், அவள் புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் பீர் காய்ச்சுகிறாள் என்று தெரிந்ததும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். ஓட்டல் வாசப்படி அவள் வாசப்படி ஆகாது.

கயிறும் அவளுக்காகக் கட்டியதுதான். அவள் வந்து 'அப்பா' என்று கூப்பிடும்வரை தொடுவதில்லை. மடியில் ஒரு பை, இந்த வருஷம் முதலில் வாரிய உப்பு. புதுக் குடித்தனத்துக்கு முதலில் போக வேண்டியது உப்பு. அதைக்கூடக் கொடுக்காத அப்பனாகிவிட்டோமே என்று மூன்று வருஷமாக நெஞ்சை அரித்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பெரிய எவர்சில்வர் டாங்குகளுக்கு நடுவே, அவள் முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. இளைத்திருந்தாள். திரும்பமாட்டாளா என்று ஏங்கினார். திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

மகள் மனசு நோகக் கூடாது, சத்தியமும் கெடக் கூடாது. கிளாஸைப் பக்கத்துப் பூந்தொட்டியில் கவிழ்த்தார்.

"அட, ஒரே மடக்கா? இருங்க வர்றேன்" என்ற கலியமூர்த்தி, கறுப்பாக இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் செடிக்கே போயிற்று.

உடனே மூன்றாவது வந்தது. காலி செய்தால்தானே வருகிறது என்று பாதியை மட்டும் ஊற்றினார்.

"பாதியா நிக்குதே" என்று கலியமூர்த்தி அதையும் நிறைத்தார்.

ஐந்தாவது கிளாஸில் செடி கைவிட்டது. தொட்டி வழிந்து, ஓடை ஒன்று பக்கத்து மேஜைக்காரம்மாவின் கைப்பையைப் பார்த்துப் புறப்பட்டது. நாற்பது வருஷம் பாத்திக்கு வரப்புப் போட்ட கை சும்மா இருக்குமா? ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு, தரையில் துண்டால் வரப்புக் கட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" கலியமூர்த்தி துடைப்பதற்குத் துணியோடு வந்து நின்றார்.

சகாதேவனுக்கு மானம் போயிற்று. "தப்புதாம்பா. நான் கெளம்புறேன். இந்த உப்ப மட்டும் பூஜாகிட்ட குடுத்துடு. யாரு குடுத்தாங்கன்னு சொல்லாத." பையை நீட்டினார்.

கலியமூர்த்தி அதை வாங்கவில்லை.

"நீங்களே குடுங்க. செடி குடிச்சது பூரா இஞ்சி சோடாவும் நன்னாரி சோடாவுந்தான். பீருன்னு நான்தான் வெளையாட்டுக்குச் சொன்னேன். வாசல்லயே உங்க கயித்த பாத்துட்டாங்க மேடம். கிளாஸு தீந்தா அப்பா எழுந்து போயிடுவாரு, ரொப்பிக்கினே இருங்கன்னு சொல்லி, அவங்கதான் உள்ள அழுதுக்கினே கலந்து குடுத்துக்கினு இருக்காங்க."