நிற்க மறுத்த மோட்டாரின் வழக்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யென்றாலும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் என் பேரைச் சொல்லிச் சாபமிட்டுத் தாராளமாக மிளகாய் அரைத்துக்கொள்ளலாம். பொறியியலும் சட்டமும் ஒரே மண்டைக்குள் குடித்தனம் நடத்தும் அதிசயம் பூமியில் ஒரு முறைதான் நிகழ்ந்தது, அதுவும் கோயமுத்தூரில். அந்த மண்டை, அரசு ஒப்பந்த வழக்குகளில் புலியான வக்கீல் சசிதர் பி.இ., பி.எல். அவர்களுடையது.

அதை நம்பித்தான் உக்கடம் கரீம் பாய் உயிரோடு இருந்தார். அவருக்குச் சின்னதாக ஒரு மோட்டார் பட்டறை. 'ஊரகக் குடிநீர் உந்து வாரியம்' கேட்டதென்று சோதனைக்கு மாதிரி மோட்டார் ஒன்று செய்தார். குற்றம் அங்கேதான் நடந்தது. நன்றாகச் செய்துவிட்டார்.

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு சொன்னது: 'மாதிரி மோட்டார் தானாக நிற்கும்வரை ஓட்டப்படும். நின்ற பிறகே சோதனை நிறைவுற்றதாகக் கருதப்படும்.' எவ்வளவு விஞ்ஞானபூர்வம்! செத்தால்தானே ஆயுள் தெரியும்? ஆனால் பொங்கலுக்கு ஓட ஆரம்பித்த மோட்டார் ஆடி பிறந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி முடிவதற்குள் சோதனை நிறைவுறாவிட்டால் பட்டறை கறுப்புப் பட்டியலில் ஏறும். அப்புறம் எந்த அரசாங்க வேலையும் கிடையாது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சிலர் ஆரஞ்சுப் பழத்தோடு.

"ஏனுங்க பாய், இன்னுமா நிக்கலீங்க?"

"இல்லீங்க. காத்தால லேசா இருமுன மாதிரி இருந்துச்சு. சந்தோசப்பட்டேன். மறுபடி தேறிருச்சுங்க."

கரீமின் மனைவி பாத்திமுத்துவுக்கு ஆத்திரம். "ஒரே ஒரு பேரிங்காவது மட்டமாப் போட்டிருக்கக் கூடாதுங்களா? கொழந்தகுட்டிக்காரருக்கு இத்தனை நேர்மை எதுக்குங்க?"

ஒரு நாள் மோட்டார் நின்றது. கரீம் இனிப்பு வாங்க ஆளனுப்பினார். வாரியத்தின் செயற்பொறியாளர் அழகிரிசாமி வந்து பார்த்து, வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"நின்னது கரண்ட்டுங்க பாய். மோட்டார் நிக்கலீங்க."

"அப்ப சுவிட்சை அணைச்சுப்போடட்டுங்களா?"

"அது கொலைங்க. பிரிவு கேக்குறது இயற்கை மரணமுங்க."

மின்சாரம் வந்தது. மோட்டாருக்கும் உயிர் வந்தது. கரீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே சசிதர் வந்தார். மோட்டாரில் காது வைத்துக் கேட்டார். "அருமையான மோட்டாருங்க பாய்" என்றவர் முகம் வாடினார். "இதை வெச்சுக்கிட்டு வழக்கு நடத்துறது ரொம்பக் கஷ்டமுங்க."

வாரியத்தின் விசாரணைக் குழு முன் அவர் ஆற்றிய வாதம் சட்டக் கல்லூரிகளில் கல்வெட்டாக வேண்டியது. "ஐயா, என் கட்சிக்காரர் நல்ல மோட்டார் செஞ்சதை நாங்க மறுக்கலீங்க. தெரியாமச் செஞ்சுபோட்டார். இது முதல் தடவைங்க. திருந்தறதுக்கு ஒரு வாய்ப்புக் குடுங்க."

குழு மனம் இளகியது. இரண்டாவது மாதிரிக்கு அனுமதி கிடைத்தது.

இப்போது மண்டையின் மறுபாதி வேலை செய்தது. சசிதர் தன் கையாலேயே வரைபடம் போட்டார். செப்புக் கம்பியை மெலிய வைத்தார். வார்னிஷை விலக்கினார். பேரிங்குக்கு கிரீஸ் என்ற ஆடம்பரத்தை மறுத்தார்.

கரீம் கம்பியை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். "கை வரலீங்க சார். எங்க அத்தா இப்படிச் சொல்லித் தரலீங்க."

"சட்டத்துக்குக் கட்டுப்படுங்க பாய்."

கட்டுப்பட்டார். சோதனை நாளன்று குழுவுக்கு டீ வந்தது. மோட்டாரைப் போட்டார்கள். டீ ஆறுவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, நிம்மதியான மௌனம். குழு எழுந்து நின்று கைதட்டியது.

"ஆயுள் துல்லியமாத் தெரிஞ்சுபோச்சுங்க!" என்று அழகிரிசாமி கரீமைக் கட்டிக்கொண்டார். சுற்றுவட்ட ஊர்களுக்கெல்லாம் இதே மோட்டாரைச் செய்துதரச் சொல்லி அங்கேயே உத்தரவு பிறந்தது. பட்டறை பிழைத்தது. கரீமின் கண்ணில் நீர் வழிந்தது. 'ஆனந்தக் கண்ணீர்' என்று குழு பதிவு செய்துகொண்டது. பாத்திமுத்து பிரியாணி ஆக்கி வக்கீல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வாரியமும் தன் பங்குக்கு வக்கீலுக்குச் சந்தன மாலை போட்டது.

ஒன்பதாம் பிரிவை வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தவர் சசிதர். ஆலோசனைப் பொறியாளர் என்ற முறையில்.